நிலவரி நிலுவை ஏலமும் முதன்முறை ஏலதாரரும்: வங்காளம் முதல் சேலம் வரை

மலேசிய நாளிதழ்களின் உட்பக்கங்களைப் புரட்டுவோருக்கு 'லெலோங்' என்னும் சொல் புதியதன்று. வங்கிக் கடனைக் கட்டத் தவறியோரின் வீடுகளும் கடைகளும் அச்சொல்லின்கீழ்ப் பட்டியலாக வருகின்றன. மலாய் மொழியில் வழங்கும் இச்சொல்லும், தமிழில் நாம் வழங்கும் 'ஏலம்' என்னும் சொல்லும் உடன்பிறந்தவை. இரண்டுமே போர்த்துக்கீசிய மொழியின் 'லெய்லான்' என்பதிலிருந்து பிறந்தவை. கடல்வழி வந்த வணிகர் தம் சரக்கைக் கூவி விற்ற முறையோடு சொல்லும் கரையிறங்கி, இரு மொழிகளில் இருவேறு உருவம் பெற்றது. சரக்குக்கு உரிய இச்சொல் நிலத்துக்கு உரியதாக மாறியது எப்போது, அம்மாற்றத்தின்போது முதன்முறையாகக் கூட்டத்தில் நின்று கேள்வி கேட்டவன் உண்மையில் எதனை வாங்கினான் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

வகுப்பில் காலனிய நிலவரி முறைகளைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவருள் ஒருவராவது, "வரி பாக்கிக்கு ஏலம் போன நிலம் மலிவாகத்தானே கிடைத்திருக்கும்? வாங்கியவர்கள் எல்லாரும் செல்வராகியிருப்பார்களே?" என்று கேட்பதுண்டு. எளிய கேள்விதான், ஆனால் நிலவரி வரலாற்றின் சிக்கலான பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது. விடை கூறுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாளிதழ்களில் வரும் ஏலம் பெரும்பாலும் கடன் ஏலம். நிலவரி நிலுவைக்கு நம் நாட்டுச் சட்டம் வேறு வழியை வகுத்துள்ளது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நிலவரி செலுத்தாதவருக்கு முதலில் 6அ படிவத்தில் கோரிக்கை அறிவிப்பு அனுப்பப்படும். அதன் பின்னும் செலுத்தாவிடின் நிலம் மாநில அரசுக்குப் பறிமுதலாகிவிடும். அங்கே கூட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை. பிரித்தானிய இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட முறையோ, நிலத்தைப் பொதுவில் கூவி விற்று, வந்த பணத்தில் நிலுவையை எடுத்துக்கொள்ளும் முறை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு தோன்றும் அளவுக்குப் பெரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

பெருவிலை

வரி நிலுவைக்காக நிலத்தை விற்பது ஆங்கிலேயர் புகுத்திய புதுமை என்று பாடநூல்கள் பல எழுதுகின்றன. அது சரியன்று. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து உக்கலில் உள்ள முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் காணி உடையோர் இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தாவிடின் அக்காணியை ஊராரே கைக்கொண்டு விற்கலாம் என்னும் அரசாணையைத் தாங்கி நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பெருவிலை' என்னும் சொல்லும் பயில்கிறது. பொதுவில் அறிவித்து விற்கும் விற்பனையை அது குறிக்கும். ஆகவே நிலுவைக்கு நிலம் விற்கும் வழக்கம் நம் மண்ணுக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிமுகமானது.

அங்கே விற்றவர் யார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஆணை அரசனுடையது, விற்பவர் ஊரார். காணியின் எல்லை, நீர்ப்பங்கு, அதன் மேலுள்ள கோயில் கடமை, உழுகுடி யார் என்பவற்றையெல்லாம் அறிந்த அவையே விற்கிறது. வாங்குபவரையும் அவ்வவை அறியும். 1793க்குப் பின் வந்த ஏலத்தில் இந்த அறிமுகம் அறுந்தது. புதுமை விற்பனையில் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் நிலத்தைக் காணாமலே விற்கவும் வாங்கவும் இயன்றதில் இருக்கிறது என்பது நம் கருத்து.

சூரியன் மறைவதற்குள்

1793ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தை அறிவித்தார். ஜமீன்தார் கும்பினிக்குச் செலுத்தவேண்டிய தொகை என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. குடிகளிடமிருந்து பெறும் வாரத்தில் ஏறத்தாழப் பதினொன்றில் பத்துப் பங்கு அரசுக்கு, எஞ்சிய ஒரு பங்கு ஜமீன்தாருக்கு என்பது கணக்கு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் தவணை மாறாது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் கருவூலத்தை அடையாவிடின் ஜமீன் ஏலத்துக்கு வரும். மக்கள் இதனைச் 'சூரிய அஸ்தமனச் சட்டம்' என்றே அழைத்தனர். சட்டங்களுக்கு மக்கள் இடும் பெயர்கள் பல வேளைகளில் சட்டமியற்றியோர் இட்ட பெயர்களைவிடப் பொருத்தமாக அமைந்துவிடுகின்றன.

நவாபுகளின் காலத்தில் நிலுவை வைத்த ஜமீன்தார் சிறைப்பட்டதுண்டு, அவமதிக்கப்பட்டதுண்டு. ஆயினும் ஜமீன் பெரும்பாலும் குடும்பத்தை விட்டு அகலவில்லை. புதிய சட்டம் ஆளை விட்டு நிலத்தைப் பிடித்தது. விளைவு விரைந்து வந்தது. ராஜசாகி, நதியா, தினாஜ்பூர் முதலிய பெருங்குடும்பங்களின் நிலங்கள் துண்டு துண்டாக ஏலம் போயின. விஷ்ணுபூர் அரசகுடும்பத்தின் ஜமீன் 1806இல் நிலுவைக்கு விற்கப்பட, அதனை பர்த்வான் மகாராஜா வாங்கினார். பர்த்வான் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. அக்குடும்பம் தன் நிலங்களைப் 'பத்தனி' என்னும் நிரந்தரக் குத்தகைகளாகப் பிரித்து, ஏலத்தின் வாளைத் தன் கழுத்திலிருந்து பத்தனிதாரர் கழுத்துக்கு மாற்றிவிட்டது. 1819ஆம் ஆண்டின் 8ஆம் ஒழுங்குவிதி அதற்குச் சட்ட ஏற்பும் அளித்தது.

இனி, வாங்கியவர்கள் யார்? கல்கத்தாவின் புதுப்பணக்காரர்களே என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. சிராஜுல் இஸ்லாமின் ஆய்வு இக்கருத்தைப் பெரிதும் திருத்தியது. பிற ஜமீன்தார்களும், ஜமீன் கச்சேரிகளில் பணிபுரிந்தோரும், அரசு அலுவலரும் வாங்கியோரில் முக்கிய இடம் பெறுகின்றனர். நாட்டோர் அரசகுடும்பத்தின் திவானாக இருந்த காளிசங்கர் ராய், அக்குடும்பத்தின் நிலங்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கி நராயில் ஜமீன் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். காசிப் பகுதியை ஆராய்ந்த பெர்னார்ட் கோன் கண்டதும் இதையொத்ததே: 1795க்குப் பின் அங்கு நிலம் வாங்கியோருள் தாசில்தார்களும் கச்சேரி ஊழியரும் வட்டிக்கடைக்காரரும் முன்னணியில் நின்றனர்.

இது வியப்புக்குரியதன்று. எந்தக் கிராமத்தின் கணக்கு நலிந்திருக்கிறது, எதன் வரி விளைச்சலோடு ஒப்பிடக் குறைவு, எந்த அறிவிப்பு எந்தச் சுவரில் எப்போது ஒட்டப்படும் என்பன கணக்கை எழுதுபவனுக்கே தெரியும். முதன்முறையாக ஏலத்துக்கு வந்த வெளியூர் வணிகன் விலையைப் பார்த்தான். கச்சேரி ஊழியன் கணக்கைப் பார்த்தான். ஊழியன் தன் பெயரில் வாங்க இயலாத இடத்தில் மைத்துனன் பெயர், வேலைக்காரன் பெயர், சில வேளைகளில் இல்லாத ஒருவனின் பெயர்கூட உதவியது. பெயரற்றது என்னும் பொருளுடைய பாரசீகத் தொடரிலிருந்து வந்த 'பினாமி' என்னும் சொல் இன்று நம் அன்றாடத் தமிழில் கலந்துவிட்டது. வடமேற்கில் கும்பினி புதிதாகப் பெற்ற மாநிலங்களில் இவ்வகை மோசடி எல்லை மீறியமையால், 1821ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குவிதியின்படி சிறப்பு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, முறைகேடான பொது ஏலங்களையும் தனி விற்பனைகளையும் நீக்கி நிலத்தைத் திருப்பியளிக்கும் அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டது. தான் நடத்திய ஏலங்களைத் தானே ஐயுற வேண்டிய நிலைக்கு ஓர் அரசு வந்தது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

மிட்டாதார் வாங்கியது என்ன?

சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதி வங்காளத் திட்டத்தை இங்குக் கொணர்ந்தது. சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற பாளையப்பகுதிகளில் சன்னது பெற ஏற்கெனவே தலைவர்கள் இருந்தனர். செங்கற்பட்டு ஜாகீரிலும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணைவராயிருந்த தாமஸ் மன்றோவும் 1792 முதல் குடிவாரியாக வரி திட்டம் செய்துவந்த பாராமகால், சேலம் பகுதிகளிலும் ஜமீன்தார் என்று கூறத்தக்கவர் பெரும்பாலும் இல்லை. இல்லாத ஜமீன்தாரை எப்படி உண்டாக்குவது? கிராமங்களைச் சேர்த்துப் பங்குகளாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுவரியை நிலையாகக் குறித்து, அதிகம் கேட்பவருக்கு ஏலத்தில் விற்றனர். சேலத்தில் அவை மிட்டா எனப்பட்டன. வாங்கியவர் மிட்டாதார் ஆனார்.

உலக நிலவரி வரலாற்றில் இஃது ஒரு விந்தையான நிகழ்வு. வங்காளத்தில் நிலுவை வந்த பிறகு ஏலம் வந்தது. சேலத்திலோ ஏலத்திலிருந்தே உடைமை பிறந்தது. இங்கே அனைவரும் முதன்முறை ஏலதாரர். முன்மாதிரி என்று பார்க்க ஒருவரும் இல்லை.

ஏலத்தில் நின்றவன் தான் நிலத்தை வாங்குவதாக நம்பினான். சன்னதின் மொழியும் உரிமையாளன் என்றே அவனை விளித்தது. ஆனால் அவன் வாங்கியது வேறு. குடிகளிடமிருந்து வரவேண்டிய மேல்வாரத்துக்கும், தான் கும்பினிக்குச் செலுத்தவேண்டிய பேஷ்குஷுக்கும் இடைப்பட்ட மிச்சமே அவன் கைக்கு வந்தது. குடிவாரம் உழுபவனிடமே இருந்தது. நல்ல ஆண்டில் அம்மிச்சம் இலாபம். வறண்ட ஆண்டில் அதுவே கடன். 1806, 1807ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தாக்கியபோது இக்கணக்கின் மறுபக்கம் வெளிப்பட்டது. ஏலக் கூட்டத்தின் வேகத்தில் மிகுதியாகக் கேட்டவர், அந்த மிகுதியை ஈடுகட்டக் குடிகளை நெருக்கினர். குடிகள் ஊரை விட்டு அகன்றனர். ஆளில்லாத நிலத்துக்கு வாரம் ஏது? சில ஆண்டுகளுக்குள்ளாகவே பல மிட்டாக்கள் நிலுவைக்காக மீண்டும் ஏலத்துக்கு வந்தன. முதல் ஏலத்தில் வாங்கியவனின் பெயர் இரண்டாம் ஏலத்தின் அறிவிப்பில் பாக்கிதாரன் என்னும் தலைப்பின்கீழ் இடம்பெற்றது. திண்டுக்கல் பகுதியில் உருவாக்கப்பட்ட ஜமீன்களும் இவ்வாறே சரிந்தன. 1812இல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுவின் ஐந்தாம் அறிக்கை வெளிவந்த காலத்தில் சென்னையின் திட்டம் தோற்றது என்னும் எண்ணம் இலண்டனிலும் வலுப்பெற்றிருந்தது. ஆயினும் சேலத்து மிட்டாக்களில் சில நிலைத்தன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை அவை வாழ்ந்தன.

செங்கற்பட்டில் மற்றொரு சிக்கல் இருந்தது. வாங்கப்பட்ட கிராமங்களில் காணியாட்சி உடைய மிராசுதாரர் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அவர்களுக்குக் கீழே உள்குடிப் பாயக்காரியும் புறக்குடிப் பாயக்காரியும் இருந்தனர். ஏலத்தில் எடுத்தவன் கிராமத்துக்குள் நுழைந்தபோது தனக்கு முன்பே அங்கு உரிமையாளர் இருப்பதைக் கண்டான். திருக்குறள் பயிற்றும் ஆசிரியர்கள் நன்கறிந்த எல்லிஸ் துரை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். குறளுக்கு உரை கண்டவர், தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் நிறுவியவர் என்றே அவரை நாம் போற்றுகிறோம். சென்னையின் கலெக்டராகவும் இருந்த அவர், தம் அலுவலர் சங்கரையாவின் துணையோடு மிராசு உரிமை பற்றி அரசு எழுப்பிய பதினேழு வினாக்களுக்கு விரிவான விடை எழுதினார். அது 1818இல் நூலாயிற்று. மிராசு என்பது வெறும் சலுகையன்று, அஃது உடைமை என்பதே அவர் வாதம். அவ்வாறாயின் 1802இல் ஏலக்கூட்டத்தில் சுத்தியல் விழுந்தபோது கைமாறியது எது? மொழியியலில் எல்லிஸ் கேட்ட வினாக்களைக் கொண்டாடும் நாம், நிலவியலில் அவர் கேட்ட இவ்வினாவைப் பெரிதும் மறந்துவிட்டோம். ஜமீன் நிலத்துக் குடிகளின் நிலையுரிமை சட்டத்தால் தெளிவாக ஏற்கப்பட 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் ஏலதாரனின் பேரனோ கொள்ளுப்பேரனோதான், தன் முன்னோர் எதை வாங்கவில்லை என்பதை அறிந்துகொண்டிருப்பான்.

கிட்டியிலிருந்து தமுக்குக்கு

மன்றோ 1820இல் ஆளுநராக வந்தபின் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. அரசுக்கும் உழவனுக்கும் இடையே மிட்டாதார் இல்லை. பட்டா உழவன் பெயரில். ஆகவே நிலுவையும் அவன் பெயரில். ஏலத்தின் அளவு ஜமீனிலிருந்து ஏக்கருக்கும், ஏக்கரிலிருந்து செண்டுக்கும் இறங்கியது.

ஆனால் உடனடியாக அன்று. இடையே வேறொரு தண்டல் முறை நடந்தது. 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை, வரி தண்டும் சிற்றலுவலர் கையாண்ட கொடுமைகளைப் பதிவு செய்கிறது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் அவற்றுள் முதன்மையானவை. இப்பின்னணியில் வைத்தே 1864ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாகிய சென்னை வருவாய் வசூல் சட்டத்தைப் படிக்க வேண்டும். ஏலத்தைக் கொடுமை என்று மட்டும் எழுதுவோர் இந்த ஒன்பதாண்டுத் தொலைவைக் கவனிப்பதில்லை. உடலைப் பிடித்த கை அகன்று, உடைமையைப் பிடிக்கும் கை வந்தது. தமுக்கு அடித்து, காகிதம் ஒட்டி, நாள் குறித்துச் செய்யப்படும் செயலாகத் தண்டல் மாறியது. இதனை முன்னேற்றம் என்று கூறத் தயங்க வேண்டியதில்லை. ஆயினும் யாருக்கு எந்த அளவில் முன்னேற்றம் என்பதைச் சட்டத்தின் நடைமுறைக்குள் சென்றுதான் காணவேண்டும்.

அச்சட்டப்படி ஏலத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் அறிவிப்பு வெளிவர வேண்டும். ஆங்கிலத்திலும் மாவட்ட மொழியிலும் அஃது அமைய வேண்டும். பாக்கிதாரன் பெயர், நிலத்தின் இருப்பிடமும் பரப்பும், அதன்மேல் உள்ள கட்டடம், ஆண்டுத் தீர்வை, நடப்புப் பசலியில் இன்னும் செலுத்தவேண்டிய பகுதி, ஏலம் நடக்கும் நாளும் இடமும் நிபந்தனையும் அதில் இருக்கும். கலெக்டர் அலுவலகத்திலும், தாலுகா கச்சேரியிலும், அருகிலுள்ள காவல் நிலையத்திலும், நிலத்தின் கண்ணில் படத்தக்க ஓரிடத்திலும் ஒட்டப்பட வேண்டும். ஏல நாளுக்கு முந்தைய நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கிதாரனோ, அவன் சார்பில் ஒருவரோ, அந்நிலத்தில் உரிமை கோரும் எவருமோ நிலுவையை வட்டியும் செலவும் சேர்த்துச் செலுத்தினால் ஏலம் நின்றுவிடும். வங்காளத்துச் சூரியன் இங்கும் மறைகிறது. ஆனால் அங்கே அது தவணையின் முடிவு, இங்கே அது மீட்பின் கடைசி வாய்ப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதும் பிழை நம் பாடநூல்களிலும் உண்டு.

ஏலம் எடுத்தவன் அவ்விடத்திலேயே விலையில் 15 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். எஞ்சியதை 30 நாள்களுக்குள் கட்டாவிடின் முன்பணம் பறிபோகலாம். (வங்காளத்தில் 1859ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் முன்பணத்தை 25 விழுக்காடு என வகுத்திருந்தது.) அந்த 30 நாள்களும் வாங்கியவனுக்கு அமைதியான நாள்கள் அல்ல. அறிவிப்பிலோ ஏலத்தை நடத்திய முறையிலோ பெரும் பிழை நேர்ந்தது என்று கூறி, ஏலத்தை நீக்கக் கோரி எதிர்த்தரப்பு விண்ணப்பிக்கலாம். பின்னர் வந்த ஒரு திருத்தத்தின்படி, பாக்கிதாரன் முழு நிலுவையோடு ஏலத்தொகையில் 5 விழுக்காட்டை வாங்கியவனுக்கு ஈடாகக் கட்டி நிலத்தை மீட்கவும் இயலும். இத்தடைகளைக் கடந்த பின்னரே ஏலம் உறுதி செய்யப்பட்டு, விற்பனைச் சான்றிதழ் கிடைக்கும்.

சான்றிதழ் கையில் வந்துவிட்டது. நிலம் வந்துவிட்டதா? நிலத்தில் பழைய பட்டாதாரனின் தம்பி ஏர் பூட்டியிருப்பான்; வரப்பில் ஊர் நிற்கும். வாங்கியவனைத் தடுத்தால் நீதிமன்றத்தின் உதவியோடு உடைமை பெறலாம் என்று சட்டம் கூறுகிறது. கூறுவதிலிருந்தே தடுப்பது வழக்கம் என்பதை உணரலாம். பக்கத்து நிலத்துக்காரன் வாங்கினால் மறுநாளே உழலாம். அயலூரான் வாங்கினால் வழக்காட வேண்டும். வாங்கும் விலை இருவருக்கும் ஒன்றே. ஆனால் வாங்கிய பொருள் ஒன்றன்று. மலிவாகக் கிடைத்தது என்று மாணவர் கூறும் அம்மலிவு, பெரும்பாலும் இச்செலவையும் இடரையும் கழித்த பின் எஞ்சிய விலையே.

சட்டத்தின் 42ஆம் பிரிவு மேலும் கூர்மையானது. நிலவரி நிலுவைக்கு விற்கப்படும் நிலம் எல்லா வில்லங்கங்களிலிருந்தும் நீங்கியதாக விற்கப்படும். வாங்குபவனுக்கு இதைவிட இனிய சொல் வேறில்லை. அடைமானம் பிடித்தவனுக்கு இதைவிடக் கொடிய சொல் வேறில்லை. 500 ரூபாய்க்கு நிலத்தை அடகு பிடித்தவன், 10 ரூபாய்த் தீர்வை நிலுவையால் தன் ஈட்டை முழுதும் இழக்கக்கூடும். ஆகவே தாலுகா கச்சேரிச் சுவரை மிகக் கவனமாகப் படித்தவர் நிலம் வாங்க விரும்பியோர் அல்லர், கடன் கொடுத்தோர்தாம். அவர்கள் நிலுவையைத் தாமே கட்டினால் அத்தொகையும் நிலத்தின்மேல் பற்றாக ஏறும் என்று சட்டம் வழிசெய்திருந்தது. இதன் மறுபுறமாக ஒரு தந்திரமும் தோன்ற இடமிருந்தது. கடன்பட்டவன் வேண்டுமென்றே தீர்வையை நிறுத்தி, நிலத்தை ஏலத்துக்கு வரவிட்டு, உறவினன் பெயரில் தானே எடுத்து, கடனைக் கழுவிவிடலாம். 1859ஆம் ஆண்டு வங்காளச் சட்டத்தை வரைந்தோர் இதனை முன்னுணர்ந்து, பழைய உடைமையாளரே திரும்ப வாங்கினால் வில்லங்கங்களும் தொடரும் என்று எழுதி வைத்தனர். அதே சட்டம், சான்றிதழில் பெயருள்ளவன் வெறும் பினாமி என்று கூறி வழக்குத் தொடுப்பதையும் தடுத்தது. ஒரு கதவை அடைத்த கையே மற்றொன்றைத் திறந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

கேட்பாரற்ற ஏலம்

இதுகாறும் ஏலத்தில் வாங்குவோர் உண்டு என்னும் எண்ணத்திலேயே பேசி வந்தோம். புள்ளிவிவரம் வேறு கூறுகிறது. பம்பாய் ஆட்சிக்குழுவின் முன்னாள் உறுப்பினர் அலெக்சாண்டர் ரோஜர்ஸ் 1893இல் இந்திய அமைச்சின் துணைச் செயலருக்கு எழுதியதை ரொமேஷ் சந்தர் தத் தம் நூல்களில் எடுத்தாண்டுள்ளார். 1879-80 முதல் 1889-90 வரையிலான 11 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் 8,40,713 பாக்கிதாரரின் 19,63,364 ஏக்கர் நிலம் நிலவரிக்காக ஏலத்துக்கு வந்தது. அதில் 11,74,143 ஏக்கரை எடுக்க ஆளில்லாமல் அரசே எடுத்துக்கொண்டது.

இவ்வெண்களை மேடைகளில் முழங்குவது எளிது. சற்று நின்று படிப்பதே நம் பணி. முதலாவதாக, ஒரு பாக்கிதாரனுக்குச் சராசரி 2.3 ஏக்கரே வருகிறது. வீழ்ந்தவர் சிறுகுடிகள். இரண்டாவதாக, ஒரே உழவன் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு துண்டுகளுக்காகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கலாம். ஆகவே எட்டு இலட்சம் என்பதை எட்டு இலட்சம் குடும்பங்கள் எனக் கொள்ளலாகாது. மூன்றாவதாக, இக்கணக்கு 1876-78 பெரும்பஞ்சத்தை அடுத்து வந்த ஆண்டுகளுக்குரியது. பஞ்சத்தில் மாண்டோர், ஊரை விட்டகன்றோர் ஆகியோரின் பெயரில் நின்ற நிலுவையும் அதில் கலந்திருக்க வாய்ப்புண்டு. விற்கப்பட்டவை பெரிதும் மட்டமான புஞ்சை என்று வாதிட இடமுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவ்வாதமே தத் கேட்க விரும்பிய வினாவை எழுப்பிவிடுகிறது. மட்டமான புஞ்சை என்றால் அதற்கு விதித்த தீர்வை மட்டமானதாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? நிலத்தை ஏலத்தில் எடுப்பவன் விலையை ஒருமுறை தருகிறான். தீர்வையை ஆண்டுதோறும் தருகிறான். விளைச்சலை மீறிய தீர்வை சுமந்த நிலத்தை ஓரணாவுக்குக் கொடுத்தாலும் கணக்கறிந்தவன் எடுக்கமாட்டான். ஆகவே கேட்பார் இல்லாமை, உழவனின் சோம்பலுக்கன்று, தீர்வையின் கனத்துக்குச் சான்றாகிறது. இந்த அளவில் தத்தின் பக்கமே நாம் நிற்கிறோம்.

பத்தில் ஆறு பங்கு நிலம் அரசிடமே திரும்பியது என்றால், தொடக்கத்தில் நாம் குறித்த தேசிய நிலச் சட்டத்தின் பறிமுதலுக்கும் இதற்கும் வேறுபாடு எவ்வளவு? நம் நாட்டுச் சட்டம் நேரே செய்வதை, சென்னைச் சட்டம் தமுக்கும் சுத்தியலும் வைத்துச் சுற்றிச் செய்தது. எனினும் சுற்றுவழியில் ஒரு பயன் இருந்ததை மறுக்க முடியாது. ஏலத்தில் நிலுவைக்கு மேல் கிடைத்த தொகை உழவனுக்குரியது. பறிமுதலில் அப்பேச்சே இல்லை. கேட்பார் இருந்த நன்செய்ப் பகுதிகளில் இஃது ஒரு பொருட்டாகவே இருந்திருக்கும்.

அறிவிப்பில் இல்லாத பெயர்

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் பழைய மாவட்ட அரசிதழ்களைப் பல வாரங்கள் புரட்டியதுண்டு. பக்கம் பக்கமாக ஏல அறிவிப்புகள். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு என்று, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்த அதே மாவட்டப் பெயர்கள் கண்ணில் படும்போது, ஏலத்தில் நிலத்தை இழந்தவன்தான் கப்பலேறினான் என்று ஒரு வரியில் எழுதிவிடும் ஆசை எழும். நம் கருத்தரங்குகளில் அவ்வரியைப் பலர் எழுதியும் விட்டனர். அதனை அவ்வளவு எளிதாக எழுதலாகாது. கப்பலேறியோரில் பெரும்பகுதியினர் பட்டா என்னும் காகிதத்தைக் கையில் பிடித்தறியாதவர். பண்ணையாளாகவும் படியாளாகவும் பிறர் நிலத்தில் உழைத்தவர். அவர்களிடம் ஏலம் போட எதுவும் இல்லை.

எனினும் ஏலம் அவர்களையும் தொட்டது. நிலம் கைமாறும்போது பழைய உடைமையாளனோடு இருந்த வாய்மொழி ஏற்பாடுகள் உடன் கைமாறுவதில்லை. களத்தில் அளந்த நெல், அறுவடைக்கு முன் வாங்கிய முன்பணம், குடிசை போட்டுக்கொண்ட மேட்டுப்பகுதி என்பனவெல்லாம் சட்டத்தின் பார்வையில் வில்லங்கம் என்னும் தகுதியைக்கூடப் பெறாதவை. வில்லங்கம் நீங்கிய நிலத்தை வாங்கியவன் இவற்றையும் நீக்கிக்கொள்ளத் தடையில்லை. அடைமானக்காரனுக்காவது நிலுவையைக் கட்டிப் பற்றுரிமை பெற ஒரு பிரிவு இருந்தது. வருவாய் வசூல் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் அதே 1864ஆம் ஆண்டின் பெயரோடு நடைமுறையில் உள்ளது. அதன்படி வெளிவந்த பழைய அறிவிப்புகளில் பாக்கிதாரன் பெயர் இருக்கும், பரப்பும் தீர்வையும் கட்டடமும் இருக்கும், ஏல நாள் இருக்கும். அந்நிலத்தை அந்த ஆண்டு உழுதவன் யார் என்பதற்கு அவற்றில் கட்டம் இல்லை.